சிக்கன சங்கீதம்

சிக்கனத்தைப் பற்றி யாராவது உபதேசம் செய்ய ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். வேறு வழியில்லாதவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானம்தான் சிக்கனம் என்று வெகு நாள் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பாட்டுக் கோஷ்டி என்றால் நீங்கள் சிரிக்கக்கூடும். அதிலும், முதல் தடவை கேட்டபோது நான் காதைப் பொத்திக்கொண்ட ஓர் அமெரிக்கக் கோஷ்டி! பெயர் ‘மினிட்மென்’. மூன்றே பேர். 1980-இல் தொடங்கி 1985-இல் முடிந்துபோன ஆறு வருஷத்துக் கதை.

லாஸ் ஏஞ்சலீஸ் என்றதும் நமக்கு ஹாலிவுட் ஞாபகம் வரும். அங்கிருந்து இருபத்தைந்து முப்பது மைல் தெற்கே அதே நகரத்தின் துறைமுகமான சான் பெட்ரோ இருக்கிறது. அது கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களும் மீனவர்களும் மாலுமிகளும் வாழும் ஊர். மைக் வாட் என்ற சிறுவனின் தகப்பனார் கடற்படையில் வேலை பார்த்தவர். பதின்மூன்று வயதில் ஒருநாள் அவன் பூங்கா ஒன்றில் நடந்து போய்க்கொண்டிருந்தபோது, மரத்திலிருந்து பொத்தென்று ஒரு பையன் எதிரே குதித்தான். வேறு யாரோ சிநேகிதன் என்று நினைத்துக் குதித்துவிட்டானாம். அவன்தான் டி. பூன்.

குதித்தவன் சும்மா இருக்கவில்லை. மடமடவென்று ஹாஸ்யமாகப் பேசிக்கொண்டே வந்தான். இப்படி ஒரு மேதாவியா என்று வாட் பிரமித்துப் போனான். அத்தனையும் ஜார்ஜ் கார்லின் என்ற ஹாஸ்ய நடிகரின் இசைத்தட்டுகளிலிருந்து நெட்டுருப் போட்டவை என்பது பின்னால்தான் தெரிய வந்தது. அதற்குள் நட்பு வேர்பிடித்துவிட்டது.

பையன்கள் தெருவில் சுற்றிக் கெட்டுப்போகக் கூடாதே என்ற கவலை பூனின் தாயாருக்கு. வீட்டிலேயே உட்கார்ந்து வாத்தியம் வாசியுங்கள் என்றாள். யாருக்கு எது என்பதையும் அவளே தீர்மானித்தாள்: மகனுக்குக் கித்தார், அவன் சிநேகிதனுக்கு பேஸ். வாட்டுக்கு பேஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்கு நாலு தந்தி என்று படத்தில் பார்த்திருந்தான். ஆகவே சாதாரணக் கித்தாரில் நாலு தந்தியை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தான். நிஜமான பேஸையும் அதன் தடித்த தந்திகளையும் பிற்பாடு கண்டபோது அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டதாம்.

அந்த நாளில் ராக் சங்கீதக்காரர்கள் எட்டாத உயரத்தில் இருந்தார்கள். பெரிய பெரிய மைதானங்களில், கண்ணுக்கு எறும்பாகத் தெரியும் தூரத்தில் நின்று வாசிப்பார்கள். சொந்தமாகப் பாட்டுக் கட்டலாம் என்ற எண்ணமே இந்த இருவருக்கும் வரவில்லை; பிறர் பாட்டுக்களை வாசித்துக்கொண்டு காலம் கழித்தார்கள். 1976, 77-இல் ‘பங்க்’ என்ற முரட்டு சங்கீதம் வந்தது. ஹாலிவுட்டுக்குப் போய்ப் பார்த்தால், தங்களைவிட மோசமாக வாசிக்கிறவர்கள் தைரியமாக மேடையேறிச் சொந்தப் பாட்டுப் பாடினார்கள். அட, இது நம்மாலும் ஆகுமே! ஆனால் பங்கும் சீக்கிரத்திலேயே ஒரு சம்பிரதாயமாக இறுகிவிட்டது. அந்தத் துணிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு புதுப்பாதை தேடியவர்களைத்தான் ‘போஸ்ட்-பங்க்’ கோஷ்டிகள் என்கிறார்கள். அவர்களில் இங்கிலாந்தின் ‘வயர்’ 1977-இல் ஒரே தட்டில் இருபத்தொரு குட்டிப் பாட்டுக்களை அடைத்திருந்தது. சான் பெட்ரோ நண்பர்களுக்கு அதில் வழி திறந்தது. ஜார்ஜ் ஹர்லி டிரம் வாசிக்க, மினிட்மென் உருவாயிற்று. அமெரிக்கச் சுதந்திரப் போரில், கூப்பிட்ட நிமிஷத்தில் துப்பாக்கியோடு வந்து நின்ற குடியானவர்களின் பெயர் அது.

1980-இல் வந்த அவர்களுடைய முதல் தட்டில் ஏழு பாட்டுக்கள். மொத்தம் ஏழு நிமிஷம்கூட இல்லை. அடுத்த வருஷத்துத் தட்டில் பதினெட்டுப் பாட்டுக்கள், பதினைந்து நிமிஷம். நம் வித்வான்கள் அந்த நேரத்தில் ராக ஆலாபனையின் வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டியதைச் சொன்னதும் நிறுத்திவிடுவது என்பது இவர்களுடைய கொள்கை. வாசிப்பிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். பூன் தன் கித்தாரின் கனத்தைக் குறைத்து, மேல் ஸ்தாயியின் கூர்மையை மட்டும் வைத்துக்கொள்வான். கீழ் ஸ்தாயி முழுவதும் வாட்டின் பேஸுக்கு விடப்படும். யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை.

பணவிஷயம் இதைவிட ருசியானது. சிக்கனத்துக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் ‘எகானோ’. ஒலிப்பதிவு நிலையத்தில் வாடகை மலிவான நடுநிசியில் பதிவு செய்வார்கள். ஏற்கெனவே உபயோகித்த பழைய நாடாவை வாங்குவார்கள். தட்டில் எந்த வரிசையோ அதே வரிசையில் பாடிவிட்டால் நாடாவை வெட்டி ஒட்டும் செலவு மிச்சம்! ஊர் ஊராகச் சொந்த வேனில் போய், தங்கள் சாமான்களைத் தாங்களே தூக்கி இறக்குவார்கள். உலகத்தில் இருப்பவை இரண்டே, ஒன்று கச்சேரி, மற்றது கச்சேரிக்கு ஆள் கூட்டும் நோட்டீஸ் என்பது வாட்டின் கணக்கு. இசைத்தட்டும் அந்த நோட்டீஸ்களில் ஒன்றுதானாம். அவர்களுடைய தட்டுக்களை வெளியிட்டது கிரெக் கின் என்ற இன்னொரு கித்தார்காரர் நடத்திய எஸ்.எஸ்.டி. என்ற சிறு கம்பெனி.

அதே கம்பெனியைச் சேர்ந்த ‘ஹஸ்கர் டூ’ கோஷ்டி இரட்டைத் தட்டு ஒன்று தயார் செய்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் இவர்களுக்கும் ரோஷம் வந்தது. மேலும் பாட்டுக்கள் கட்டி, 1984 ஜூலையில் ‘டபிள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்’ என்ற இரட்டைத் தட்டைக் கொண்டுவந்தார்கள். நாற்பத்தைந்து பாட்டுக்கள், பதிவுச் செலவு சுமார் 1,100 டாலர். ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துக்கொண்டு, மிஞ்சியவற்றை நாலாவது பக்கத்தில் போட்டு அதற்குப் ‘பதர்’ என்று பெயர் வைத்தார்கள். ஐந்து சென்ட் நாணயம் நிக்கல். இரட்டை நிக்கல் என்றால் 55. அது அன்றைய சாலைகளின் வேக வரம்பு. தன்னால் 55 மைலில் ஓட்ட முடியாது என்று ஒரு பிரபல பாடகர் வீரம் பேசிக்கொண்டிருந்தார். இவர்களோ, வாட் சரியாக 55-இல் கார் ஓட்டும் காட்சியைப் படம் பிடித்து அட்டையில் போட்டார்கள். காரில் அடங்கி ஓட்டுவோம், பாட்டில் அடங்கமாட்டோம் என்பது பொருள்.

அந்தத் தட்டில் இரண்டு பாட்டுக்கள் என் மனத்தில் நிற்கின்றன. ‘கொரோனா’ என்பது பூன் எழுதியது. மெக்ஸிகோக் கடற்கரையில் காலி பாட்டில் பொறுக்கிய ஓர் ஏழைப் பெண்ணைக் கண்டு பிறந்தது. மற்றது ‘சரித்திரப் பாடம் – இரண்டாம் பகுதி’. வாட் எழுதிப் பூன் பாடியது. அதில் வரும் சரித்திர புருஷர்கள் இந்த இரு சிநேகிதர்களே!

1985-இல், வியாபார சங்கீதத்தைக் கேலி செய்து ஒரு சிறு தட்டு வெளியிட்டார்கள். ஹிட் பாட்டு எழுதவைக்க யோசனை செய்யும் முதலாளிகளை அதன் அட்டையில் பூனே வரைந்தான். அந்த வருஷக் கடைசியில் புகழ்பெற்ற ‘ஆர்.இ.எம்.’ கோஷ்டியோடு ஊர்கள் சுற்றிவிட்டு வீடு திரும்பினார்கள்.

1985 டிசம்பர் 22. பூன் சொந்தக் காரியமாக அரிஸோனா பாலைவனத்துச் சாலையில் வேனில் போய்க்கொண்டிருந்தான். ஜுரம், பின்பக்கத்தில் படுத்திருந்தான். வண்டியின் அச்சு முறிந்தது. பின்கதவு வழியாக வெளியே எறியப்பட்டு, அந்த இடத்திலேயே உயிர் போயிற்று. வயது இருபத்தேழு. மரத்திலிருந்து குதித்து வந்தவன் சாலையில் விழுந்து போய்விட்டான்.

வாட் வாத்தியத்தைத் தொடுவதையே விட்டுவிட்டான். ஓஹையோவிலிருந்து எட் கிராஃபோர்டு என்ற ரசிகன் சான் பெட்ரோவுக்கே வந்து, சேர்ந்து வாசிப்போம் என்று வற்புறுத்தினான். அப்படிப் பிறந்த ‘ஃபயர்ஹோஸ்’ 1994 வரை நடந்தது. 1997-இல் வாட், ஒரு கப்பலின் இயந்திர அறையில் வேலை செய்யும் மூன்று பேரைப் பற்றி முழு நீளப் பாட்டுக் கதை ஒன்று அமைத்தார். அது தகப்பனாரின் கதையும் ஆயிற்று, மினிட்மென் கதையும் ஆயிற்று.

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தொடர்கதை எழுதிய நாளில், பத்து வாரத்தில் முடிய வேண்டியதை இருபது வாரத்துக்கு நீட்டியிருக்கிறேன். கதாநாயகியை ரயிலில் ஏற்றிவிட்டு மூன்று அத்தியாயம் இறக்காமலே வைத்திருந்தேன். வீட்டு வாடகைக்கு அது தேவையாக இருந்தது. கொஞ்சம் குறைவான வாடகை வீட்டில் குடியிருந்தால் அவள் முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள், கதையும் பிழைத்திருக்கும். நடுநிசி வாடகையில் பதிவு செய்தவர்களுக்கு ஒரு நிமிஷப் பாட்டை ஒரு நிமிஷத்தில் நிறுத்திக்கொள்ளும் சுதந்திரம் இருந்தது. நீட்டு என்று சொல்ல அவர்களுக்கு யாரும் இல்லை.

அந்தச் சுதந்திரம் ஒரு சிநேகிதனைக் காப்பாற்றவில்லை என்பது உண்மைதான். எந்தச் செல்வம்தான் காப்பாற்றியிருக்கும்? கையிலிருந்த ஆறு வருஷத்தில் ஒரு பாட்டைக்கூடப் பிறருக்காக இழுக்காமல் பாடி முடித்தார்கள். ‘சரித்திரப் பாடத்தை’ நேற்று இரவு மறுபடி கேட்டேன். இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல்தான். முடிந்த பிறகும் வெகு நேரம் நான் எழுந்திருக்கவில்லை.