முறையாட்டத்தின் மறுமலர்ச்சி

தாயக்கட்டம் ஆடும் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: "பொறு, இது என் முறை." ஒருவர் கட்டையை உருட்டுகிறார், காயை நகர்த்துகிறார், பின்னர் அடுத்தவர் ஆடி முடிக்கும்வரை காத்திருக்கிறார். அந்தக் காத்திருத்தலில்தான் ஆட்டத்தின் சுவையே அடங்கியிருக்கிறது. எதிரில் இருப்பவர் என்ன செய்வார், அதற்கு நாம் என்ன செய்யலாம் என்று எண்ணிப் பார்ப்பதற்கு அதுவே இடம் தருகிறது.

நம் காலனி இல்லங்களில் இன்று தாயக்கட்டம் அருகிவிட்டது. பிள்ளைகள் திரைக்கு முன் அமர்ந்து வீடியோ விளையாட்டில் மூழ்கியிருக்கிறார்கள். "எந்நேரமும் ஓடுவதும் சுடுவதும்தானா?" என்று பெரியோர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், வீடியோ விளையாட்டுகள் யாவும் ஓரினத்தைச் சேர்ந்தவை அல்ல. கதையில் வரும் பாத்திரங்களை ஆடுபவரே ஏற்று நடத்தி, எதிரியோடு முறைவைத்து, எண்ணி எண்ணி ஆடும் விளையாட்டுகளும் அவற்றுள் உண்டு. பழமைப்பட்டது என்று ஒதுக்கப்பட்ட அவ்வினம் அண்மை ஆண்டுகளில் பெரும் பரிசுகளைப் பெற்றுத் தலைநிமிர்ந்திருக்கிறது. அது எவ்வாறு பிறந்தது, ஏன் தாழ்ந்தது, எதனால் மீண்டது என்பதை ஈண்டுக் காண்போம்.

மேசையிலிருந்து திரைக்கு

இதன் மூலத்தைத் தேடிச் சென்றால் நாம் அடைவது சதுரங்கத்தை. நம் நாட்டில் தோன்றிப் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை எட்டிய ஆட்டம் அது. 1780ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் வாழ்ந்த ஹெல்விக் என்பவர், அதனை விரித்துப் போர் விளையாட்டாக அமைத்தார். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வகுத்த போர் விளையாட்டில் பகடையும் நடுவரும் இடம்பெற்றனர். அது படையினரின் பயிற்சிக்கே பயன்பட்டது. 1913இல் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ், பொம்மைப் படைகளைக் கொண்டு வீட்டில் ஆடுவதற்கான விதிகளை நூலாக எழுதினார்.

இவ்வழியில் வந்ததே 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதில் ஒரு பெரும் மாறுதல் நிகழ்ந்தது. ஆடுபவர் படை முழுவதையும் நடத்துவதை விட்டு, ஒரே ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தம்மைக் கற்பித்துக்கொண்டார். நடுவர் கதையை நடத்திச் செல்வார். பகடை வெற்றி தோல்வியைக் கூறும். போரின் கணக்கோடு கதையின் சுவையும் கலந்தது.

கணினி வந்தபின் நடுவரின் வேலையை அது ஏற்றுக்கொண்டது. 1981இல் கிரீன்பெர்க், உட்ஹெட் என்னும் இரு மாணவர்கள் படைத்த 'விசர்ட்ரி', ரிச்சர்ட் காரியட்டின் 'அல்டிமா' ஆகியவை வீட்டுக் கணினிகளுக்கு வந்து புகழ்பெற்றன. அக்காலக் கணினியின் நினைவகம் சில பத்துக் கிலோபைட்டுகளே. பல வீரர்கள் ஒரே நேரத்தில் ஓடியாடிப் போரிடும் காட்சியை அதனால் எளிதில் தாங்க இயலாது. ஆதலின் ஆடுபவர் கட்டளையிடும்வரை கணினி காத்திருந்தது. இயலாமையும் அந்த முறைக்கு ஒரு காரணமாயிற்று.

ஜப்பானின் கொடை

'விசர்ட்ரி'யிலும் 'அல்டிமா'விலும் உள்ளத்தைப் பறிகொடுத்த ஜப்பானியர் யூஜி ஹோரி, அவற்றைச் சிறுவரும் எளிதில் ஆடும் வண்ணம் சுருக்கி, 1986 மே 27 அன்று 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டை வழங்கினார். விசைப்பலகை தேவையில்லை, 'தாக்கு', 'மந்திரம்', 'ஓடு' என்பன போன்ற சில சொற்களுள் ஒன்றைத் தேர்ந்தால் போதும். 1988 பிப்ரவரி 10 அன்று அதன் மூன்றாம் பாகம் வெளிவந்தபோது, முதல் நாளிலேயே பத்து இலட்சம் பிரதிகள் விற்றன. அன்று புதன்கிழமை! பள்ளிக்குச் செல்லாமல் கடை வாயிலில் வரிசையில் நின்ற மாணவர்கள் போலீசாரிடம் அகப்பட்டனர். இதன்பின் வேலைநாளில் வெளியிடுவதற்குச் சட்டமே தடை விதித்தது என்பது வெறும் வதந்தி. வெளியீட்டாளர்களே விடுமுறை நாள்களைத் தேர்ந்துகொண்டனர். 1987இல் சகாகுச்சியின் 'ஃபைனல் ஃபேண்டஸி'யும், 1996இல் 'போக்கிமா'னும் தோன்றி உலகெங்கும் பரவின.

தாழ்வும் மீட்சியும்

கணினி வலுப்பெற்றதும் காலம் மாறிற்று. 1996இன் இறுதியில் வெளிவந்த 'டயப்ளோ' முதலில் முறையாட்டமாகவே திட்டமிடப்பட்டது. உடனுக்குடன் நிகழும் ஆட்டமாக மாற்றலாம் என்று உடனிருந்தோர் வற்புறுத்தவே, டேவிட் பிரெவிக் ஒரே பிற்பகலில் அதை மாற்றிப் பார்த்தார். சொடுக்கியவுடன் வீரன் எலும்புக்கூட்டை வெட்டி வீழ்த்தக் கண்டு அவரே வியந்தாராம்! அந்த வேகத்தின் கவர்ச்சியில் ஒரு தலைமுறையே மயங்கிற்று. காத்திருத்தல் என்பது பழைய கருவியின் குறை, கருவி வளர்ந்தபின் அது எதற்கு என்று வெளியீட்டாளர் பலர் கருதலாயினர். முறையாட்டத்தின் கொடியை ஏந்தி நின்ற 'ஃபைனல் ஃபேண்டஸி'யே படிப்படியாக விலகி, 2023இல் வந்த பதினாறாம் பாகத்தில் முற்றிலும் அதிரடி ஆட்டமாகிவிட்டது. ஆயினும் 'டிராகன் குவெஸ்'டும் 'போக்கிமா'னும் பழைய விளக்கை அணையாமல் காத்தன.

மீட்சி எதிர்பாராத இடங்களிலிருந்து வந்தது. பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2013இல் ஆடுவோரிடமே நேராக நிதி திரட்டி, ஒன்பது இலட்சம் டாலருக்கு மேல் பெற்று, மறு ஆண்டே ஒரு முறையாட்டத்தை வெளியிட்டது. அந்நிறுவனம் 2023இல் அளித்த 'பால்டர்ஸ் கேட் 3', 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விதிகளையே அடிப்படையாகக் கொண்டது. அதன் முன்னிரு பாகங்களில் சண்டை ஓயாது ஓடியது. மூன்றாவதிலோ ஒவ்வொருவரும் தம் முறைக்குக் காத்திருந்தனர். பின்னோக்கிய பாய்ச்சல் என்று அஞ்சியோர் இருந்தனர். ஆனால் அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசு அதற்கே கிடைத்தது. 2025இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் முப்பது பேரளவிலான ஒரு சிறு குழுவை மையமாகக் கொண்டு உருவான 'கிளேர் அப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33' மூன்றே நாளில் பத்து இலட்சம் பிரதிகள் விற்று, அதே பரிசை வென்றது. எதிரி தாக்கும் கணத்தில் விலகித் தப்பும் விரைவையும் அது முறையாட்டத்தோடு இணைத்தது. மீண்டது பழமை மட்டுமன்று. புதுமையை ஏற்றுக்கொண்ட பழமை.

இதற்குக் காரணங்கள் யாவை? சிறுவயதில் இவ்வாட்டங்களை ஆடியவர்கள் இன்று படைப்பாளர்களாகவும், பொருளீட்டி வாங்குபவர்களாகவும் வளர்ந்துவிட்டனர். இணையத்தின் வழியே படைப்பாளர் ஆடுவோரை நேராக அணுக முடிகிறது. அலுவலும் குடும்பமும் உடையவர்க்கு, அழைத்தவுடன் எழுந்து சென்று திரும்பிவந்து தொடரத்தக்க ஆட்டம் வசதியாகவும் இருக்கிறது. இவை எல்லாவற்றினும் மேலானது ஒன்று உண்டு. கருவியின் இயலாமையால்தான் இம்முறை நிலைத்தது என்றால், கருவி வலுத்தபின் அது மடிந்திருக்க வேண்டும். மடியவில்லையே! எனவே, எண்ணிப் பார்த்துச் செயல்படும் இன்பம் கருவியைச் சார்ந்ததன்று. மனித இயல்பைச் சார்ந்தது.

ஒன்றை மறைத்தல் தகாது. பரிசு பெற்ற இவ்விரு விளையாட்டுகளும் வயது வந்தோர்க்கென வகுக்கப்பட்டவை. பல நாள்களை விழுங்கவல்லவையும்கூட. பெட்டியில் குறித்துள்ள வயதைப் பார்த்தே பெற்றோர் வாங்க வேண்டும். முறையாட்டம் என்ற ஒரே காரணத்தால் எதுவும் நல்லதாகிவிடாது. எனினும் சிறுவர்க்கேற்ற முறையாட்டங்களும் உண்டு. பிள்ளை அத்தகைய ஒன்றை ஆடும்போது, திரையை அணைக்கச் சொல்வதற்கு முன் ஒருமுறை அருகில் அமர்ந்து, "இப்போது என்ன செய்யப் போகிறாய்? ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு மறுமொழி சொல்லும் அவகாசத்தை இவ்விளையாட்டு அவனுக்குத் தருகிறது. அவன் சொல்லி முடித்தபின் தாயக்கட்டைகளை எடுத்து வையுங்கள். அடுத்தது உங்கள் முறை.