ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு வைட் லென்ஸ்: பெரிய அப்பர்ச்சரா, சின்ன சைஸா? காசு கொடுக்கும் முன் இதைப் படிங்க!

ஒரே கம்பெனி, ஒரே கேமரா, ஒரே 28 எம்எம். ஆனால் ஒரு லென்ஸின் எடை 440 கிராம், இன்னொன்று 175 கிராம். விலையில் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். லைக்கா எம் கேமராக்களுக்கு வரும் 28 எம்எம் சம்மிலக்ஸ், 28 எம்எம் எல்மரிட் என்ற இரண்டு லென்ஸ்களைத்தான் சொல்கிறோம்.

முதல் லென்ஸின் அப்பர்ச்சர் எஃப்/1.4 வரை திறக்கும். இரண்டாவது எஃப்/2.8 வரைதான். "காசு இருந்தா பெரிசையே வாங்கிடலாமே, அதுல சின்னதோட வேலையும் நடக்குமே" என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் இந்தக் கணக்கு பல நேரம் தப்பாகிவிடுகிறது. ஏன் என்று பார்க்கலாம் வாங்க.

ரேஞ்ச்ஃபைண்டர்னா என்ன?

டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியாக வரும் காட்சியைத்தான் கண்ணாடி திருப்பி உங்கள் கண்ணுக்குக் காட்டுகிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி இல்லை. கேமராவின் இடது மூலையில் தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு சிறு கட்டத்துக்குள் காட்சி இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஃபோகஸ் சரி.

1954-ல் வந்த லைக்கா எம்3 முதல் 2022-ல் வந்த டிஜிட்டல் எம்11 வரை இதே முறைதான். சோவியத் காலத்து ஜோர்கி, ஃபெட் கேமராக்களும் இந்த ரகம்தான். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்த பிரெஞ்சு புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரஸ்ஸான், வாழ்நாளின் பெரும்பகுதி வேலை செய்தது லைக்கா ரேஞ்ச்ஃபைண்டரில். அவருக்குப் பிடித்தது 50 எம்எம், வைட் இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் கையில் கேமரா இருப்பதே மற்றவர் கண்ணில் படாத அளவு சின்னதாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வகைக்கே பெயர் வாங்கிக் கொடுத்தது.

உள்ளே கண்ணாடி இல்லாததால் லென்ஸின் பின்பக்கம் ஃபிலிமுக்கு மிக அருகில் வரலாம். அதனால் வைட் லென்ஸை இங்கே நிஜமாகவே சின்னதாகச் செய்ய முடியும். லைக்கா 2016-ல் மறுபடி கொண்டுவந்த 28 எம்எம் சம்மரான் எஃப்/5.6 லென்ஸ் கேமராவிலிருந்து வெறும் 18 மில்லிமீட்டர்தான் நீட்டிக்கொண்டிருக்கும். சட்டைப் பையில் அல்ல, ஜாக்கெட் பையில் கேமராவோடு சேர்த்தே போட்டுக்கொண்டு போகலாம்.

எஃப்/1.4 கொடுப்பது எவ்வளவு வெளிச்சம்?

எஃப்/2.8-க்கும் எஃப்/1.4-க்கும் இடையே இரண்டு ஸ்டாப். அதாவது 4 மடங்கு வெளிச்சம். ஃபாஸ்ட் லென்ஸ் என்று சொல்வதும் இதனால்தான். வெளிச்சம் அதிகம் வந்தால் ஷட்டர் வேகத்தைக் கூட்டலாம்.

நிஜ உதாரணம் ஒன்று. இரவில் சாதாரண வீட்டு விளக்கு வெளிச்சம், ஐஎஸ்ஓ 400 ஃபிலிம். எஃப்/2.8-ல் ஷட்டர் ஏறக்குறைய 1/15 நொடிக்கு வரும். எஃப்/1.4-ல் 1/60 கிடைக்கும்.

1/15-ல் கை ஆடாதா? ரேஞ்ச்ஃபைண்டரில் கண்ணாடி மேலே தட்டும் அதிர்வு இல்லை, லென்ஸும் வைட். மூச்சைப் பிடித்து நின்றால் உட்கார்ந்திருக்கும் ஒருவரை ஓரளவு தெளிவாக எடுத்துவிடலாம். ஆனால் உங்கள் கை ஆடாமல் இருப்பது வேறு, எதிரே இருப்பவர் அசையாமல் இருப்பது வேறு. ஓடுகிற குழந்தை, கையை ஆட்டிப் பேசுகிற தாத்தா எல்லாம் 1/15-ல் கலங்கித்தான் போவார்கள். இங்கேதான் ஃபாஸ்ட் லென்ஸுக்கு நிஜமான வேலை.

இப்போது அதே அறையில் டிஜிட்டல் கேமராவை வைத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றினால் எஃப்/2.8 லென்ஸிலேயே 1/60 வந்துவிடுகிறது. 6400-க்குப் போனால் 1/250. இன்றைய சென்சார்களில் 6400 என்பது பயப்படுகிற எண் இல்லை. ஃபாஸ்ட் லென்ஸுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு வாங்கித் தரும் அந்த இரண்டு ஸ்டாப், டிஜிட்டலில் ஒரு பட்டனில் கிடைக்கிறது.

ஃபிலிமில் கதை வேறு. கருப்பு வெள்ளையில் இல்ஃபோர்ட் ஹெச்பி5, கோடாக் ட்ரை-எக்ஸ் போன்ற 400 ஃபிலிம்களை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப் செய்யும்போது நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் கிரெய்ன் ஏறும், நிழல் பகுதி கருத்துவிடும், ஆனால் படம் நிற்கும். கலர் ஃபிலிமில் இந்த வித்தை அவ்வளவு நன்றாக எடுபடாது. இரவில் கலர் ஃபிலிம் போடுபவர் எஃப்/1.4 கேட்டால், அவரோடு வாதாட நம்மிடம் எதுவும் இல்லை.

பெரிய லென்ஸ் வாங்கினால் காட்சி மறையும்!

கடையில் யாரும் முதலில் சொல்லாத விஷயம் இது. ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, லென்ஸுக்கு மேலே இடப்பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள். லென்ஸ் நீளமாக, தடிமனாக இருந்தால் அந்த ஜன்னலின் கீழ் வலது மூலையை அதுவே மறைத்துவிடும். 50 எம்எம், 90 எம்எம் லென்ஸில் இது அவ்வளவு உறுத்தாது, ஏனென்றால் படத்துக்குள் வரும் பகுதி ஜன்னலின் நடுவில் சின்னக் கட்டமாக இருக்கும். வைட் லென்ஸில் படமே ஜன்னல் முழுக்கப் பரவியிருக்கும். அங்கே மூலை மறைந்தால், உங்கள் படத்தின் மூலையே மறைந்த மாதிரி.

ஹூட் மாட்டினால் இன்னும் மோசம். பழைய லைக்கா ஹூட்களில் பக்கவாட்டில் ஜன்னல் மாதிரி வெட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு இல்லை, அதன் வழியாகப் பின்னால் இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காக.

இன்னொன்றும் இருக்கு. சாதாரண 0.72 மடங்கு ஜன்னல் உள்ள லைக்காவில் கோடு போட்டுக் காட்டும் மிக வைடான அளவு 28 எம்எம். கண்ணாடி போட்டவர்களுக்கு அந்த 28 கோடு முழுசாகத் தெரிவதே கஷ்டம். அதோடு லென்ஸும் குறுக்கே நின்றால் பாதி ஊகத்தில்தான் படம் எடுக்க வேண்டியிருக்கும். நீங்களும் கண்ணாடி போட்டவர் என்றால், 28-ஐ விட 35 எம்எம் பற்றி முதலில் யோசிப்பது நல்லது.

பின்னணி கலங்கும் அழகு?

"எஃப்/1.4-ல் பின்னாடி எல்லாம் கலங்கி வருமே, அதுக்காகவே வாங்கணும்" என்பவர்கள் உண்டு. நியாயம்தான், ஆனால் ஒரு கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 35 எம்எம் எஃப்/1.4-ல் ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பவரை எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 7 சென்டிமீட்டர். அதற்குப் பின்னால் உள்ளது நன்றாகவே கலங்கும். ஆனால் அவர் மூன்று, நான்கு மீட்டர் தள்ளிப்போனால் அந்த அழகு வேகமாகக் குறைந்துவிடும். 28 எம்எம்மில் இன்னும் குறைவு. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களில் பெரும்பாலானவை 0.7 மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போதாததற்கு, எவ்வளவு கலங்கும் என்பது அந்த ஜன்னலில் தெரியவே தெரியாது. அதில் எல்லாமே எப்போதும் தெளிவாகத்தான் தெரியும்.

தெருவில் படம் எடுப்பவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். 28 எம்எம் லென்ஸை எஃப்/8-ல் வைத்து, ஃபோகஸை 3.3 மீட்டரில் நிறுத்தினால், சுமார் 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவு. அதன்பிறகு ஃபோகஸைத் தொடவே வேண்டாம், கேமராவைத் தூக்கி க்ளிக் செய்தால் போதும். 35 எம்எம்மில் இதே எஃப்/8-க்கு 5 மீட்டரில் நிறுத்த வேண்டும், 2.6 மீட்டரிலிருந்து தெளிவு தொடங்கும். நியூயார்க் தெருக்களை எடுத்த கேரி வினோகிராண்ட் லைக்கா எம்4-ல் 28 எம்எம் மாட்டிக்கொண்டு சுற்றியவர். இப்படி எடுப்பவருக்கு எஃப்/1.4 என்பது கழுத்தில் தொங்கும் கூடுதல் எடை. அவ்வளவுதான்.

ஃபாஸ்ட் லென்ஸ் என்றால் தரமும் கூடவா?

இல்லை. முழுசாகத் திறந்தால் படத்தின் மூலைகள் இருண்டு வரும், வைட் லென்ஸில் இது இன்னும் கூடுதல். சில ஃபாஸ்ட் லென்ஸ்களில் வேறொரு தொல்லையும் உண்டு. எஃப்/1.4-ல் சரியாக இருந்த ஃபோகஸ், எஃப்/2.8, எஃப்/4 என்று மூடும்போது கொஞ்சம் பின்னால் நகர்ந்துவிடும். லென்ஸ் வழியாகப் பார்க்காத கேமராவில் இது உங்களுக்குத் தெரியாது, வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கும்போதுதான் தெரியும். லைக்காவின் முந்தைய 35 எம்எம் சம்மிலக்ஸில் இருந்த இந்தக் குறையைக் குறைக்கத்தான் 2010-ல் உள்ளே ஒரு பகுதி தனியாக நகரும் புதிய வடிவம் வந்தது. வோக்ட்லேண்டரின் 35 எம்எம் நாக்டன் கிளாசிக் எஃப்/1.4 லென்ஸும் இதற்குப் பெயர் போனது. சின்னது, எஃப்/1.4, விலையும் கட்டுப்படியாகும் என்ற ஆசையில் அதை வாங்குபவர்கள் இதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

சின்ன லென்ஸ் மட்டும் சுத்தத் தங்கமா என்றால் அதுவும் இல்லை. லென்ஸின் பின்பக்கம் சென்சாருக்கு மிக அருகில் இருந்தால், ஒளி ஓரங்களில் சாய்வாக விழும். ஃபிலிமுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. டிஜிட்டல் சென்சாரில் ஓரங்கள் ஊதா கலந்த சிவப்பாக மாறலாம். 21 எம்எம்மும் அதற்குக் கீழும் போகும்போது இது அதிகம். வோக்ட்லேண்டர் தன் 15 எம்எம் எஃப்/4.5 லென்ஸின் மூன்றாவது வடிவத்தை டிஜிட்டலுக்காக மாற்றி அமைத்தபோது அது முன்பைவிடப் பெரிதானது இதனால்தான்.

சோனி போன்ற மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் போட்டு இந்த லென்ஸ்களைப் பயன்படுத்த நினைப்பவர்களும் கவனிக்கணும். அந்தச் சென்சார்களின் மேல் உள்ள கண்ணாடி தடிமனானது. ரேஞ்ச்ஃபைண்டர் வைட் லென்ஸ் போட்டால் மூலைகள் குழைந்து வரும். குறை லென்ஸில் இல்லை.

அப்போ எதை வாங்குறது?

எங்கள் கருத்து இது: 35 எம்எம்மில் எஃப்/2, 28-லும் அதற்கு வைடாகவும் எஃப்/2.8 அல்லது அதற்கும் சின்னது. பெரும்பாலானவர்களுக்கு இது போதும். லைக்காவின் 35 எம்எம் சம்மிக்ரான் சுமார் 250 கிராம், வோக்ட்லேண்டரின் 35 எம்எம் அல்ட்ரான் எஃப்/2 சுமார் 170 கிராம். எஃப்/1.4-ஐ விட ஒரே ஒரு ஸ்டாப்தான் குறைவு, ஜன்னலையும் அவ்வளவாக மறைக்காது. எஃப்/1.2 நாக்டனுக்குப் போனால் எடை 330 கிராமைத் தாண்டிவிடும்.

21 எம்எம்முக்கு ஃபாஸ்ட் லென்ஸ் தேடுபவர்கள் இரண்டு முறை யோசிக்கலாம். அதற்குக் கேமராவின் தலையில் தனி ஃபைண்டர் மாட்ட வேண்டும், அல்லது டிஜிட்டலில் திரையைப் பார்த்து எடுக்க வேண்டும். எஃப்/8-ல் இரண்டு மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் ஏறக்குறைய எல்லாமே தெளிவாகிவிடுகிற லென்ஸ் அது.

முடிவெடுக்க முடியவில்லையா? உங்கள் பழைய படங்களைத் திறந்து பாருங்கள். வைட் லென்ஸில் எடுத்தவற்றில் எத்தனை, வெளிச்சம் போதாமல் கெட்டுப்போனவை? அவற்றில் ஆள் அசைந்ததால் கெட்டவை எத்தனை? அந்த எண்ணிக்கை பெரிதாக இருந்தால் எஃப்/1.4-க்குக் காசு போடுங்கள், தப்பே இல்லை. விரல் விட்டு எண்ணும் அளவுதான் என்றால், மிச்சக் காசில் பல ரோல் ஃபிலிம் வாங்கலாம்.

பழைய லென்ஸ் வாங்குபவர்களுக்கு

ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள் பெரும்பாலும் கைமாறித்தான் வருகின்றன. சென்னை போன்ற ஈரப்பதமான கடலோர ஊர்களில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சகஜம். அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்னாலிருந்து சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கோடுகள் தெரிந்தால் பூஞ்சை, பனி படர்ந்த மாதிரி இருந்தால் உள்ளே படலம். சோவியத் ஜூபிட்டர்-12 லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய வேண்டாம். 35 எம்எம் எஃப்/2.8, நல்ல லென்ஸ்தான். ஆனால் அதன் பின்பக்கக் கண்ணாடி நன்றாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், சில கேமராக்களில் மாட்டவே முடியாது. ஃபாஸ்ட் லென்ஸ் என்றால் உங்கள் கேமராவிலேயே மாட்டி, முழுசாகத் திறந்த அப்பர்ச்சரில் ஒரு மீட்டரில் ஒன்று, தூரத்துக் கட்டடத்தில் ஒன்று, எஃப்/2.8-க்கு மூடி மறுபடி ஒரு மீட்டரில் ஒன்று என்று மூன்று படம் எடுத்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.