ஊமைப் படத்தின் நாவாக நின்றோர்

திரையில் உருவங்கள் அசைய, முகங்காட்டாத குரலொன்று கதையை எடுத்துரைப்பதைப் பல படங்களில் கேட்கிறோம். பேசும் படம் தோன்றிய பின்னரே இம்முறை பிறந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. படம் ஊமையாயிருந்த காலத்திலேயே ஜப்பானியர் இதனை ஒரு தனிக் கலையாக வளர்த்திருந்தனர்.

1890-களின் பிற்பகுதியில் அசையும் படம் ஜப்பானை அடைந்தது. அன்றைய படங்கள் மிகக் குறுகியவை. ஆதலின் ஒருவர் திரையருகே நின்று, கருவி இயங்கும் வகையையும் படத்திற் கண்ட அயல்நாட்டு வழக்கங்களையும் விளக்கினார். அவரே 'பென்ஷி' எனப்பட்டார். படங்கள் நீண்டபின் ஆண், பெண், முதியோர், குழந்தை ஆகிய அனைவருக்கும் அவரே குரல் கொடுத்தார்.

மேலை நாடுகளிலும் இத்தகைய விளக்குநர் இருந்தனர். படத்தினிடையே எழுத்து வாசகங்கள் பெருகியதும் மறைந்தனர். ஜப்பானில் அவர்கள் நிலைத்தது ஏன்? அந்நாட்டுப் 'புன்ராக்கு' பாவைக்கூத்தில், மேடையோரம் அமர்ந்தவர் ஒருவரே பாவைகளுக்காகப் பேசுவார். உடல் ஓரிடத்தும் குரல் வேறிடத்தும் இருப்பது மக்களுக்குப் பழகிய ஒன்று. நம் தோற்பாவைக் கூத்தை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

பென்ஷியின் புகழ் நடிகர் புகழை விஞ்சியதும் உண்டு. அவருள் தலைசிறந்தவர் தொகுகாவா முசேய் (1894–1971). உரக்கக் கூவும் பாணி ஓங்கியிருந்த நாளில் அவர் அடங்கிய குரலில் உரைத்துப் பேர் பெற்றார். பேச்சுக்கலை பற்றி 1947-இல் நூலொன்றும் எழுதினார். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே விடும் அமைதியை அவர் பெரிதும் போற்றினார்.

1931-இல் ஜப்பானின் முதல் வெற்றிப் பேசும் படம் வெளிவந்தது. அயல்நாட்டுப் படங்களிலும் ஜப்பானிய வாசகம் பொறிக்கப்படலாயிற்று. பென்ஷிகளின் பிழைப்பு ஆட்டங்கண்டது. 1932-இல் வேலைநிறுத்தம் செய்தனர், பயனில்லை. அப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஓர் இளைஞர் 1933-இல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர்தம் இளவலே பின்னாளில் உலகப் புகழ் எய்திய இயக்குநர் அகிரா குரோசவா.

குரோசவா 1952-இல் ஆக்கிய 'இகிரு' என்னும் படத்தை நோக்குக. தொடக்கத்தில் திரையில் தெரிவது ஒருவரின் வயிற்றைக் காட்டும் ஊடுகதிர்ப் படம். அவருக்குப் புற்றுநோய் என்று குரல் அறிவிக்கிறது. அவரோ அதனை அறியார். பின்னர் அலுவலகத்தில் அவர் தாள்களில் முத்திரையிடும் காட்சி வருகிறது. அவர் உழைப்பதாகவே கண் கூறும். அவர் பல ஆண்டுகளாக வாழவேயில்லை என்று குரல் மறுக்கும். கதையின் நடுவிலேயே அவர் இறந்த செய்தியையும் அக்குரலே சொல்லிவிடுகிறது. 'எப்படி முடியும்?' என்ற ஆவல் அடங்கி, 'எப்படி வாழ்ந்தார்?' என்ற வினா எழுகிறது.

கண்டதையே மீண்டும் சொல்லும் குரல் வீண். காட்சியில் இல்லாததைச் சொல்வதும், சொல்ல வேண்டாதவிடத்து அடங்குவதுமே குரலின் கடன். தொழில் அழிந்தது; அத்தொழில் கற்பித்த பாடம் அழியவில்லை. கையில் நூலுடன் மாணவர் முன் நிற்கும் ஆசிரியர்க்கும் அப்பாடம் பொருந்தும்.