கட்டுக்கரையும் மாணவர் கூலியும்

மன்னார்ப் பெருநிலப்பரப்பின் வயல்களுக்கு உயிரூட்டுவது கட்டுக்கரைக் குளம். அருவி ஆற்றைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்து, வாய்க்கால் வழியே கொணரும் நீரே அதனை நிரப்புகிறது. அக்குளத்தை அண்டிய நிலத்தில் 2016, 2017ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பரமு புஷ்பரட்ணம் தலைமையில் அகழ்வாய்வு நிகழ்ந்தது. தொல்லியல் மாணவரும் அதில் பங்குகொண்டனர். கறுப்பு - சிவப்பு மட்பாண்டங்களும் சுடுமண் உருவங்களும் வெளிப்பட்டன.

அகழ்வாய்வு என்றால் தோண்டுதல் என்றே பலரும் எண்ணுவர். தோண்டுவது சிறு பங்குதான். ஒவ்வொரு மட்பாண்டத் துண்டையும் கழுவி, உலர்த்தி, இலக்கமிட்டு, அளந்து, வரைந்து, எந்த மண்ணடுக்கில் கிடைத்ததெனப் பதிவதே பெரும் பங்கு. அப்பதிவை மன்னார்ப் பள்ளிப் பிள்ளை இணையத்தில் கற்கும் பாடமாக்குவது இன்னுமொரு வேலை. அதற்குக் கூலி யார் கொடுப்பது?

கூலி என்ற சொல் கல்விமான்களுக்குச் சற்றுக் கசக்கும். இத்துறையின் வரலாறும் கூலியின்றியே தொடங்கியது. 1971இல் அமெரிக்க இலினோய் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஹார்ட், தமக்குக் கிடைத்த கணினி நேரத்தில் அந்நாட்டுச் சுதந்திரப் பிரகடனத்தைத் தட்டச்சிட்டார். குட்டன்பேர்க் திட்டம் அவ்வாறு பிறந்தது. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தமிழர் பழந்தமிழ் நூல்களை ஊதியமின்றித் தட்டச்சிட்டனர். 2005இல் எழுந்த நமது நூலகம் திட்டமும் தன்னார்வலரின் விரல்களிலேயே தொடங்கியது. பின்னர் மின்வருடலுக்கு மாறி, ஊதியம் பெறும் பணியாளரையும் சேர்த்துக்கொண்டது. இன்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் அங்கே உள்ளன.

ஆர்வம் தொடங்கிவைக்கும், அன்றாடம் நடத்துவது ஊதியமே. எங்கள் பத்திரிகைத் தொழிலில் ஒப்புநோக்குநர் சம்பளம் பெற்றே பிழை திருத்தினர். அதனாலேயே விடியுமுன் பக்கங்கள் நிறைவுற்றன.

அமெரிக்கா 1964ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வழி, வசதி குறைந்த மாணவர் படித்துக்கொண்டே உழைக்க மத்திய அரசின் நிதியில் ஊதியம் வழங்கலாயிற்று. நூலகத்திலும் ஆய்வுகூடத்திலும் வேலை செய்த அத்தகைய மாணவர், பிற்காலத்தில் இணையப் பாடங்களையும் ஆக்கினர். அங்கே வறிய மாணவனுக்கும் அவ்வேலை எட்டியது.

மன்னாரிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கிப் படிக்கும் மாணவன், மாலையில் ரியூசன் வகுப்பெடுத்துச் செலவை ஈடுகட்டுகிறான். அவனிடம் இலவசமாக எழுதித் தரும்படி கேட்டால், ரியூசனை விட்டுவிட்டு வருவானா? வசதியுள்ளவனே எழுதுவான். அவனது ஊரே இணையத்தில் ஏறும். கட்டுக்கரை பெட்டிக்குள் கிடக்கும்.

வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தமிழ்த் தட்டச்சும் படம் வரையவும் அறிந்த மாணவர் நால்வருக்கு, வாரம் பத்து மணி நேர ஊதியத்தை அங்கே ஒதுக்கலாம். முதற்பாடத்தைத் தேக்கம் அணைக்கட்டிலிருந்து தொடங்கட்டும்.