வரி முறிவும் பொருட்பகுப்பும்: தருமபுரி நடுகற்களை முன்வைத்து

ஆங்கில அகராதிகள் பலவற்றில் தலைச்சொல்லின் நடுவே புள்ளிகள் இருக்கும். வரியின் கடைசியில் இடம் போதாதபோது அச்சொல்லை எங்கே முறித்துச் சிறுகோடு இடலாம் என்பதை அவை காட்டுகின்றன. ஆனால் எங்கே முறிப்பது என்பதில் ஆங்கிலத்தாருக்கே ஒருமித்த கருத்து இல்லை. ஹெலிகாப்டர் என்ற சொல்லையே பார்க்கலாம். சுருளைக் குறிக்கும் 'ஹெலிக்ஸ்', இறகைக் குறிக்கும் 'ப்டெரான்' என்னும் கிரேக்கச் சொற்கள் இணைந்து, பிரெஞ்சு வழியாக வந்தது அது. சொல்மூலத்தைப் போற்றுவோர் 'ஹெலிகோ'வை அடுத்து முறிப்பர். ஒலிப்பைப் பின்பற்றும் அமெரிக்க அகராதிகள் பகர ஒலியையும் மேல்வரியிலேயே நிறுத்திவிடும். தமிழில் அச்சிடும்போது யார் வழியைப் பின்பற்றுவது?

இருவர் வழியும் வேண்டாம் என்பதற்குத் தருமபுரி வட்டாரத்து நடுகற்களே சான்று. பல்லவர் காலத்தில் ஆநிரைப் பூசலில் இறந்த வீரர்களுக்கு எடுத்த இக்கற்களில் வட்டெழுத்து வாசகம் உண்டு. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்களுக்குப் பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. வீரன் உருவம் போக எஞ்சிய இடம் தீர்ந்தால் வரியும் தீரும், அடுத்த எழுத்து கீழே தொடரும். சிறுகோடு அங்கே கல்வெட்டுப் பதிப்பாசிரியர் கையால்தான் நுழைகிறது. அப்படி நுழையும்போது அது வெறும் அச்சுக்குறி அன்று: மேலே நிற்பதும் கீழே நிற்பதும் ஒரே சொல் என்ற தீர்ப்பு.

இக்கற்களில் திரும்பத் திரும்ப வரும் வினை 'பட்டான்'. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924–1936) இதன் வினையடியைப் 'படு-தல்' என்று கோடிட்டுத் தருகிறது. 'படு-த்தல்' தனிப் பதிவு. முன்னதில் வீரன் மடிகிறான். பின்னதில் ஒருவர் படுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இங்கே கோடு வரியை முறிக்க வரவில்லை, பொருளைப் பிரிக்க வந்தது. ஆக, வரியை முறிக்க எழுத்து, பொருளை விளக்கப் பகுதி, விகுதி போன்ற சொல்லுறுப்பு என இரண்டு வேலைகளையும் தமிழ் தனித்தனியாகவே வைத்திருக்கிறது.

ஒரு தடை எழலாம். எழுத்தே அலகு என்றால் 'ஹெலிகா' மேலும் 'ப்டர்' கீழுமாக நிற்கலாமே? கல்வெட்டுகளில் மெய்யெழுத்து வரிமுதலில் வருவது உண்மைதான். ஆனால் புள்ளியில்லாக் கல்லில் அது கண்ணுக்கு உயிர்மெய் போலவே நின்றது. அச்சில் புள்ளி வெளிப்படையாகத் தெரிகிறது. வரிமுதல் வேறு, மொழிமுதல் வேறு என்றாலும், மெய்யில் சொல் தொடங்காத மொழியைப் படித்துப் பழகிய கண் 'ப்டர்' என்பதில் இடறவே செய்யும். எனவே 'ஹெலிகாப்' மேல்வரியிலும் 'டர்' கீழ்வரியிலும் நிற்பதே சரி. அமெரிக்க முறிவோடு இது ஒத்துவந்தாலும் காரணம் தமிழ் எழுத்தே. கிரேக்க மூலம் இங்கே குறுக்கிட வேண்டியதில்லை.

பள்ளி அகராதி தொகுப்போருக்கு ஒரு வேண்டுகோள்: ஆங்கிலத் தலைச்சொல்லின் புள்ளிகளைத் தமிழ் ஒலிபெயர்ப்பில் அப்படியே ஏற்றாதீர்கள். சுருளும் இறகும் பொருள் விளக்கத்தில் வரட்டும்.