பட்டாளத்துக்குப் போன தாத்தா: மாத்தளைக் குடும்பங்கள் எந்தப் பதிவில் எதைத் தேடலாம்?

இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய இலங்கையர்கள் பற்றிய எழுத்துகளில் மலையகத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் அரிதாகவே வருகிறார்கள். ஆனால் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையக வம்சாவளிக் குடும்பங்களில், "எங்க தாத்தா வெள்ளக்காரன் பட்டாளத்துல இருந்தவரு" என்ற பேச்சை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். என் வீட்டிலும் அந்தப் பேச்சு உண்டு. அம்மாவின் அப்பா மாத்தளை மாவட்டம், ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவர். 1977 ஆகஸ்ட் வன்செயலுக்குப் பின் குடும்பம் வவுனியாவுக்கு வந்தது. அவரைப் பற்றிய தாள் எதுவும் எங்களிடம் மிஞ்சவில்லை.

கடந்த சில வருடங்களாக அவரைப் பதிவுகளில் தேடி வருகிறேன். இந்தத் தேடலில் நான் அறிந்துகொண்டவை இதே நிலையிலுள்ள மற்றக் குடும்பங்களுக்கும் உதவலாம் என்பதால் அவற்றை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

போர் மாத்தளைக்கு வந்த விதம்

1942 ஏப்ரல் 5இல் கொழும்பும் 9இல் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாகின. அதே ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்திருந்தது. மலாயாவின் இறப்பர் கைவிட்டுப் போனதால் நேச நாடுகளுக்கு இலங்கையின் இறப்பர் முக்கியமாகியது. மாத்தளையின் இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களும் அந்தப் போரின் பாரத்தைச் சுமந்தவர்கள்தான்.

மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே சிகிரியாவில் பிரித்தானிய விமானப்படை ஓடுபாதை ஒன்றை வைத்திருந்தது. லிபரேட்டர் விமானங்களைக் கொண்ட 160ஆவது படையணி 1943 ஆகஸ்ட் முதல் ஒரு வருடம் அங்கே நிலைகொண்டது. பின்னர் அது காங்கேசன்துறைக்கு மாறியது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "பட்டாளம்" என்று சொல்வது பல விடயங்களைக் குறிக்கலாம். இலங்கைப் பாதுகாப்புப் படையின் இலங்கை இலகு காலாட்படை, கோட்டைப் பீரங்கிப் படை போன்றவை ஒரு வகை. மண் வெட்டவும் பாதை போடவும் சரக்கு ஏற்றி இறக்கவும் ஆள் சேர்த்த பயோனியர் படை இன்னொரு வகை. சீருடை இல்லாமல் முகாமிலோ ஓடுபாதையிலோ கூலிக்கு வேலை செய்தவர்களையும் சில வீடுகளில் "பட்டாளத்து ஆள்" என்றே சொல்வார்கள். இதில் எது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. மூன்றுக்கும் பதிவுகள் வேறு வேறு இடங்களில் இருக்கும்.

வீட்டிலுள்ள பொருட்கள் சொல்பவை

பதக்கம் இருந்தால் முதலில் அதன் விளிம்பைப் பாருங்கள். முதலாம் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் இலக்கம், பெயர், படைப்பிரிவு என்பன பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் போருக்குப் பிரித்தானியா வழங்கிய பதக்கங்களில் பெயர் இல்லை. ஆனால் இந்திய இராணுவத்தினருக்கு வழங்கப்பட்டவற்றில் பெயர் உண்டு. ஆகவே 1939–1945 போர்ப் பதக்கத்தில் பெயர் பொறித்திருந்தால், உங்கள் முன்னோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கம் போய் இந்திய இராணுவத்தில் சேர்ந்தவராக இருக்கக்கூடும். மெட்ராஸ் ரெஜிமென்டின் தலைமை நிலையம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது.

பதக்கத்தின் வடிவமும் பேசும். இரட்டைத் தலை டிராகன்மேல் சிங்கம் நிற்கும் வட்டப் பதக்கம் என்றால் அது 1939–1945 போர்ப் பதக்கம். முழுநேரப் படைச் சேவையில் 28 நாட்கள் இருந்தவர்களுக்கு அது கிடைத்தது. ஆறு முனை நட்சத்திரம் என்றால் போர்க்களப் பகுதியொன்றில் சேவை செய்தவர். ஆபிரிக்க நட்சத்திரம் 1940 ஜூன் 10க்கும் 1943 மே 12க்கும் இடையில் வட ஆபிரிக்காவில் பணியாற்றியதைக் காட்டும். பர்மா நட்சத்திரம் பர்மா களத்துக்கு உரியது.

புகைப்படத்தில் தொப்பிச் சின்னம் தெளிவாக இருந்தால் படைப்பிரிவை அடையாளம் காணலாம். எங்கள் வீட்டில் ஒரு படம் இருந்திருக்கிறது. 1990களில் வவுனியாவில் வீட்டுக்கு வீடு சோதனை நடந்த காலத்தில் பெரியம்மா அதை அடுப்பில் போட்டுவிட்டார். "சீருடையில ஒரு ஆம்பளப் படம். யாரு பட்டாளம், எந்தப் பட்டாளம்னு அவன்கிட்ட நின்னு வெளக்கம் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். வன்னியில் பலர் இதே காரணத்துக்காகப் படங்களை எரித்தார்கள், புதைத்தார்கள். படம் இல்லாவிட்டால், அந்தப் படத்தைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். தொப்பியா, தலைப்பாகையா? அரைக் காற்சட்டையா? தோளில் எழுத்து இருந்ததா? பெரியம்மாவுக்கு அந்தப் படம் எரிந்த பிறகும் முப்பது வருடமாக மனதில் இருந்தது.

பிறப்பு, இறப்புப் பதிவுகள்

போரில் எல்லாம் போய்விட்டது என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி சரியல்ல. கையிலிருந்த பத்திரம் முள்ளிவாய்க்காலில் போயிருக்கலாம். ஆனால் பிறப்பு மாத்தளையில் பதியப்பட்டிருந்தால் மூலப் பதிவேடு மாத்தளையில்தான் இருக்கும். பதிவுகள் இரட்டைப் பிரதியாக எழுதப்பட்டு ஒன்று மாவட்டத்திலும் மற்றது பதிவாளர் நாயகம் திணைக்களத்திலும் வைக்கப்படுகின்றன. பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். திகதி தெரியாவிட்டால் உத்தேச ஆண்டைக் கொடுத்துத் தேடச் சொல்லலாம். கிடைக்கவில்லை என்றால், அதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அலுவலகத்தில் அந்தத் தாள் உதவும்.

தோட்டங்களில் பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் பொறுப்பு தோட்ட நிர்வாகத்திடம் இருந்தது. அதனால் பதிவில் கிராமத்தின் பெயருக்குப் பதிலாகத் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் பிரிவின் பெயரும் இருக்கும். நம் ஆட்கள் தோட்டத்தை வேறு பெயரால் அழைப்பார்கள். துரையின் பெயராலோ, பழைய கங்காணியின் பெயராலோ, ஊரின் பெயராலோ. தேடப் போகுமுன் இரண்டு பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தோட்டத்துச் செக்ரோலும் பாடசாலைச் சேர்வுப் பதிவேடும் கூடப் பயன்படும். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் கம்பனிகளிடம் போனபோதும் அலுவலகத் தாள்கள் கைமாறின. சில தோட்டங்களில் அவை இருக்கின்றன, சில தோட்டங்களில் இல்லை. ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவரைக் கண்டுபிடித்தால் அலுமாரி எங்கே இருந்தது என்றாவது சொல்வார்.

குடியுரிமைக் கோப்பு

என் தேடலில் திருப்பம் வந்தது இங்கேதான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் 1951 ஆகஸ்ட் 5க்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. திருமணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு வருடம், திருமணமாகாதவர் என்றால் பத்து வருடம் தொடர்ந்து இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. அவர்களில் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே குடியுரிமை கிடைத்தது.

இந்தக் கொடுமை ஒரு விபரத் தொகுப்பையும் விட்டுச் சென்றது. எந்த வருடம் எங்கே இருந்தாய், என்ன வேலை செய்தாய், தகப்பன் யார், பிள்ளைகள் யார் என்று ஒவ்வொரு குடும்பத் தலைவரும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. போர் வருடங்களும் அதற்குள் அடங்கும். ஆகவே 1942 முதல் 1945 வரை சீருடையில் இருந்தவர் அதை அங்கே சொல்லியிருப்பார்.

தாத்தாவின் தம்பி குடும்பம் 1964 ஒக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா போனது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரியில் கூடலூருக்குப் போனார்கள். அங்கே சின்னத்தாத்தாவின் மகன் வீட்டில், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையோடு சேர்த்து மடித்து வைத்த ஒரு தட்டச்சுப் பிரதி இருந்தது. தாத்தாவின் 1951 விண்ணப்பத்தின் நகல். வதிவிடச் சான்று என்ற இடத்தில் அவர் தன் படை இலக்கத்தையும் பயோனியர் கம்பனியையும் எழுதியிருந்தார். அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மன்னருக்காகப் பட்டாளத்தில் இருந்ததைச் சான்றாகக் காட்டியும் அவர் நாடற்றவராகவே இறந்தார். அவருடைய படை இலக்கம் எங்களுக்குக் கிடைத்தது அந்த நிராகரிப்பின் தாளிலிருந்துதான்.

உறவினர் கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கம் இருந்தால் அவர்களிடம் கட்டாயம் கேளுங்கள். 1983 ஜூலையும் வன்னிப் போரும் அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் தொடவில்லை. இலங்கைப் பக்கத்துக் கோப்புக்கு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்திடம் விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதன் பின் ஆணைக்குழு இருக்கிறது. இந்த உரிமை இலங்கைப் பிரஜைகளுக்கு உரியது. புலம்பெயர்ந்து வேறு நாட்டுப் பிரஜையானவர்கள் இங்குள்ள உறவினர் மூலம் கேட்கலாம்.

படைப் பதிவுகள்

போரில் இறந்தவர் என்றால் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையத் தரவுத்தளத்தில் தேடலாம். இலவசம். கண்டியிலும் திருகோணமலையிலும் அவர்களுடைய மயானங்கள் உள்ளன. இரண்டாம் போரைப் பொறுத்தவரை 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரை இறந்தவர்கள் மட்டுமே அதில் உண்டு. உயிரோடு திரும்பிய தாத்தாவை அங்கே தேடிவிட்டு, பெயர் இல்லை என்று மனம் தளர வேண்டாம்.

திரும்பியவர்களுக்கு லண்டன் கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய சுவடிக்கூடம் முக்கியம். பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு வைத்திருந்த சிப்பாய்களின் சேவைக் கோப்புகள் 2022 முதல் அங்கே மாற்றப்பட்டு வருகின்றன. தனியாள் கோப்பு கிடைக்காவிட்டாலும் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு கிடைக்கக்கூடும். மத்திய கிழக்குப் படைகளின் நாட்குறிப்புகள் டபிள்யூஓ 169 என்ற தொகுதியிலும், தென்கிழக்காசியப் படைகளுடையவை டபிள்யூஓ 172 என்ற தொகுதியிலும் இருக்கின்றன. சிகிரியாவில் இருந்த 160ஆவது படையணி போன்ற விமானப்படை அணிகளின் அன்றாடப் பதிவுகள் ஏஐஆர் 27இல் உள்ளன. இவற்றில் சிப்பாய்களின் பெயர் வருவது குறைவு. ஆனால் அந்தக் கம்பனி எந்த மாதம் எங்கே இருந்தது என்று தெரியவரும்.

கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அரசாங்க வர்த்தமானியும் பழைய பத்திரிகைகளும் உள்ளன. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை என்பதால் போர்க்காலச் செய்திகளைத் தமிழிலேயே தேடலாம்.

ஒரே ஆள்தானா?

தாத்தாவின் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. வயதிலும் நான்கு வருட வித்தியாசம். துரையும் பதிவாளரும் படை எழுத்தரும் காதில் விழுந்தபடி எழுதியவை அவை. பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். தகப்பன் பெயர், தோட்டம், மனைவி பெயர், பிள்ளைகளின் வரிசை ஆகியவற்றில் மூன்றாவது ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்ளலாம். ஒன்று மட்டும் ஒத்தால் காத்திருங்கள். கிடைக்கும் ஒவ்வொரு தாளிலும் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே குறித்து வையுங்கள். அடுத்த பதிவேட்டில் அந்தப் பிழையான எழுத்தில்தான் அவர் இருப்பார்.

எந்த அலுவலகத்துக்கும் போகுமுன் வீட்டிலுள்ள வயதானவரிடம் பேசி, அதைத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பதிவேடுகள் இன்னும் பத்து வருடம் அலுமாரியில் இருக்கலாம். அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அவ்வளவு காலம் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கிடைக்கும் தாள்களைப் படமெடுத்து, குறைந்தது மூன்று வீடுகளில், முடிந்தால் இரண்டு நாடுகளில் வையுங்கள். ஒரே பெட்டியில் வைத்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும்.