ஒப்புவித்தலும் வாசித்தலும்

சில ஆண்டுகளுக்கு முன், வள்ளியூர் வட்டாரத்துப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலம். மறைக்கல்வி நாளன்று செபங்களை ஒப்புவிக்கும் போட்டி வைத்திருந்தோம். மூன்றாம் வகுப்பில் பயின்ற சிறுவன் ஒருவன் மேடையேறிக் கைகளைக் குவித்து, நம்பிக்கை அறிக்கையை ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்புவித்தான். முதற்பரிசாக விவிலியக் கதைப் புத்தகம் ஒன்றை நாமே அவன் கையில் கொடுத்தோம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவனை அழைத்து, அந்தப் புத்தகத்தின் முதற்கதையை வாசித்துக் காட்டும்படி கேட்டோம். அவன் படத்தைப் பார்த்துக் கதையைத் தன் போக்கில் சொல்லத் தொடங்கினான். வரியின்மேல் விரலை வைத்து வாசிக்கச் சொன்னபோது, விரல் முதற்சொல்லிலேயே நின்றுவிட்டது. அருகில் நின்ற தாயார் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பவர். "எதைச் சொல்லிக் குடுத்தாலும் மனப்பாடமாச் சொல்லிருவான் சாமி, வாசிக்கத்தான் வரல" என்றார். அவர் குரலில் பெருமையும் இருந்தது, அச்சமும் இருந்தது.

அச்சிறுவனின் குறைக்கு நாம் பரிசு கொடுத்திருந்தோம் என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது. ஒரு குழந்தை தன் பள்ளி வாழ்வின் முதல் மூன்று ஆண்டுகளில் எதைத் தன் கைவசமாக்கிக்கொள்ள வேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடி வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. பொருநையாற்றுப் படுகையும் முத்துக்குளித்துறையும் இதே கேள்வியோடு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகப் போராடி வந்திருக்கின்றன.

மணியோசையும் மனப்பாடமும்

புனித சவேரியார் 1542ஆம் ஆண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்தார். தமிழ் அறியாத அவர், இரு மொழியும் அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கித் தாமே மனப்பாடம் செய்தார். கையில் மணியேந்தி ஊர் ஊராகச் சென்று சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டினார். தாம் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்லப் பழக்கினார். கற்ற பிள்ளைகள் வீட்டிற்குச் சென்று பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. எழுத்தறிவும் நூலும் இல்லாத ஓரிடத்தில் இதைவிடச் சிறந்த வழி அன்று இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

ஆனால் அம்முறையின் எல்லையை முதலில் கண்டுகொண்டவரும் சவேரியாரே. நம்பிக்கை அறிக்கையின் முதல் தமிழாக்கத்தில், 'விசுவசிக்கிறேன்' என வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்னும் பொருள்படும் சொல் அமைந்துவிட்டது. மக்கள் அதையே மனப்பாடமாகச் சொல்லி வந்தனர். பின்னர் உண்மை தெரிந்ததும், தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதி, 'வேணும்' என்பது விரும்புவதைக் குறிப்பதால் அதை நீக்கி, 'விசுவாசம்' என்ற சொல்லைக் கொள்ளுமாறு பணித்தார். ஒரு புனிதரின் நாவிலும் பொருள் அறியாச் சொல் வழுக்கத்தான் செய்தது. நினைவாற்றல் சொல்லைக் காக்கும். அச்சொல் சரியா தவறா என்று ஆராய்வது அதன் வேலையன்று.

எழுத்து கைக்கு வந்த கதை

1554இல் லிஸ்பன் நகரில் 'கார்த்தில்லா' என்னும் நூல் அச்சாயிற்று. வின்சென்ட் தெ நாசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா த குருஸ் என்னும் மூன்று தமிழர்கள் அதை உருவாக்கினர். அதில் தமிழ்ச் செபங்கள் ரோமன் எழுத்தில் அமைந்திருந்தன. போர்த்துகீசிய மொழியில் 'கார்த்தில்லா' என்றால் அரிச்சுவடி என்று பொருள். குழந்தை எழுத்தையும் செபத்தையும் ஒரே ஏட்டில் கற்ற ஐரோப்பிய வழக்கத்தின் அடையாளம் அது. எனினும் அந்நூலைக் கொண்டு ஒரு தமிழ்க் குழந்தை தன் எழுத்தைக் கற்க இயலாது.

அக்குறையைத் தீர்த்தவர் அண்டிரிக் அடிகளார். 1547 முதல் முத்துக்குளித்துறையில் உழைத்த இவர், மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசவும் எழுதவும் தமிழைக் கற்றார். தாமிரவருணி கடலில் கலக்கும் புன்னைக்காயலைத் தம் பணிக்களமாகக் கொண்டார். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்ற பெருமை அதற்கு உண்டு. மணியோசை கேட்டுத் திருப்பிச் சொன்ன கடற்கரை மக்களின் பிள்ளைகள், அதே செபத்தைத் தாமே கண்ணால் கண்டு வாசிக்கும் வாய்ப்பு அன்று பிறந்தது.

வாசிப்பு எளிதாக வேண்டுமானால் எழுத்தும் தெளிவாக இருக்க வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று அஞ்சிப் புள்ளியிடாமலே எழுதுவது பழைய வழக்கம். அதனால் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றிக் காணப்பட்டன. 'எரி' என்று எழுதியிருப்பது நெருப்பா, நீர் நிறைந்த ஏரியா என்பதை இடம் நோக்கி ஊகித்தாக வேண்டும். கற்றவருக்கு அது இயலும். முதல் வகுப்புக் குழந்தைக்கு இயலுமா? 1711இல் தமிழகம் வந்து, 1747இல் மறைந்த வீரமாமுனிவர், நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அம்மயக்கத்தைத் தீர்த்தார். 'தேம்பாவணி' பாடிய பெரும்புலவர் கொம்பு ஒன்றின் சுழிப்பைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பது சிறு செய்தியன்று.

நம் தலைமுறையும் இத்தகைய மாற்றம் ஒன்றைக் கண்டது. நாம் முதல் வகுப்பில், யானை துதிக்கையைத் தூக்கியது போன்ற பழைய 'லை'யைச் சிலேட்டில் எழுதிப் பழகினோம். 1978இல் அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியபோது, கற்றதை அழித்துப் புதிதாக எழுதினோம். பின்வந்த பிள்ளைகளுக்கு விதிவிலக்குகள் குறைந்தன, சுமையும் குறைந்தது.

திண்ணையும் மணலும்

மறைப்பணியாளர் வருமுன் நம் நாட்டில் கல்வியே இல்லை என்று எண்ணுவது பெரும் பிழை. திண்ணைப் பள்ளிக்கூடம் எழுத்தையும் எண்ணையும் கற்பிப்பதில் தேர்ந்த ஒரு முறையைக் கொண்டிருந்தது. குழந்தை முதலில் மணலில் விரலால் எழுதும். கை படிந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். தேரி மணலும் பனையோலையும் நம் பகுதியில் யாருக்கும் விலையின்றிக் கிடைத்தவை. எழுதும்போதே எழுத்தின் ஒலியை வாய் உரக்கச் சொல்ல வேண்டும். கண்ணும் கையும் வாயும் செவியும் ஒருங்கே உழைத்தன.

எண் கற்பித்தலில் அப்பள்ளிகள் இன்னும் ஒரு படி மேலே நின்றன. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்னும் வாய்பாடுகளைப் பிள்ளைகள் கற்றனர். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. காணி என்றால் எண்பதில் ஒன்று. மா என்றால் இருபதில் ஒன்று. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்றால் ஒரு கலத்தில் தொண்ணூற்றாறு நாழி எனப் பிள்ளை மனத்திலேயே கணக்கிட்டான். களத்து நெல்லையும் கடைத்தெருக் காசையும் அளக்கும் கணக்கு அது. வாழ்க்கையோடு ஒட்டியிருந்ததால் வாய்பாடு வெற்று ஒலியாகவில்லை.

முன்னே கற்ற மாணவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லித் தருவான், அவனே சட்டாம்பிள்ளை. 1789இல் சென்னையில் தொடங்கிய ஆண் பிள்ளைகள் ஆதரவு இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கக் குரு, நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்தார். தம் இல்லத்தில் அதைப் புகுத்தி, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சிறியோருக்கு ஆசிரியனாக்கினார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் அது 'மதராஸ் முறை' எனப் பெயர்பெற்று, இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. நம் திண்ணையின் மணல் கடல் கடந்து சென்றது.

திண்ணையில் இடம்பெறாதவர்

ஆயினும் அத்திண்ணையில் யார் அமர்ந்தனர் என்று கேட்காமல் வரலாறு முழுமை பெறாது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கட்டளையிட்டுத் திரட்டிய கணக்கின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பயின்றோர் 1,88,650 பேர். அவர்களுள் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. கலம், மரக்கால் கணக்கு களத்து மேட்டுக்காரரின் பிள்ளைக்குக் கிடைத்தது. அந்த நெல்லை அறுத்தவரின் பிள்ளைக்கு அநேகமாகக் கிடைக்கவில்லை. அளப்பவன் சொன்னதே அளவு என்று அவர் ஏற்க வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையின் சிற்றூர்கள் பலவற்றில் பள்ளிகள் எழுந்தன. பாளையங்கோட்டையில் ரேனியஸ், இடையன்குடியில் கால்டுவெல் முதலிய சீர்திருத்தச் சபையாரின் உழைப்பை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். 1838இல் மீண்டும் மதுரை மறைப்பணித் தளத்திற்கு வந்த சேசு சபையார் பாளையங்கோட்டையில் 1880இல் சவேரியார் பள்ளியையும், 1923இல் கல்லூரியையும் நிறுவினர். இப்பெருமைகளோடு நம் சிறுமையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வள்ளியூருக்கு அண்மையிலுள்ள வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தின் முன் இரு சாதியாரையும் பிரித்து நிறுத்தக் கோவிலுக்குள்ளேயே சுவர் எழுப்பியிருந்தோம். 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. கல்லால் ஆன சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே ஒருநாள் இடிந்தது. வாசிக்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் இடையே நிற்கும் சுவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்று வேண்டுவன

காமராசர் காலத்தில் 1956 முதல் பரவிய மதிய உணவும், ஊர்தோறும் எழுந்த தொடக்கப் பள்ளிகளும் ஏழைப் பிள்ளையைத் திண்ணைக்கு உள்ளே கொண்டுவந்தன. ஆனால் பள்ளியில் இருப்பதும் கற்றிருப்பதும் ஒன்றல்ல. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் மூடப்பட்ட பள்ளிகள், தமிழகத்தின் சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. அரிச்சுவடிப் பருவத்தையே இழந்த பிள்ளைகளை எண்ணி, அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது. எட்டு வயதிற்குள் பிழையின்றி வாசிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் குழந்தை கற்றிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

அந்த வயதிற்குள் வேண்டுவன மிகுதியல்ல. தமிழின் 247 எழுத்துகளை வரிசையாகச் சொல்வது மட்டும் போதாது. எங்கே எதைக் கண்டாலும் அதன் ஒலியை உடனே சொல்ல வேண்டும். லகர ளகர ழகரங்களையும், ரகர றகரங்களையும் செவியாலும் கண்ணாலும் பிரித்தறிய வேண்டும். அடுத்து, ஒரு சிறு பத்தியைத் தட்டுத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும். எழுத்துக் கூட்டுவதிலேயே மனம் களைத்துவிட்டால் பொருளுக்கு இடமிராது. வாசித்ததைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லவும், தன் வீட்டைப் பற்றியோ தெருவைப் பற்றியோ நான்கைந்து வாக்கியம் சொந்தமாக எழுதவும் வேண்டும். கணக்கில், 35க்கும் 305க்கும் உள்ள வேறுபாட்டை இடமதிப்பால் உணர வேண்டும். நூறு ரூபாய் கொடுத்து அறுபத்தைந்து ரூபாய்க்குப் பொருள் வாங்கினால், மீதியைக் கடைக்காரர் தருமுன் சொல்ல வேண்டும்.

நான்காம் வகுப்பு முதல் அறிவியலும் வரலாறும் வாசிப்பின் வழியாகவே வருகின்றன. வாசிக்க அறியாத பிள்ளைக்கு அவை அனைத்தும் மூடிய கதவுகள். அவன் மந்தன் என்று பெயர்பெற்று, கடைசி இருக்கைக்குப் போய், ஒருநாள் பள்ளிக்கே வராமல் நின்றுவிடுவான். அவனுடைய கூலிச் சீட்டையும் கடன் பத்திரத்தையும் வேறொருவர் வாசித்துச் சொல்வார்.

பெற்றோர்க்கு எழுத்தறிவு இல்லையென்றாலும் இதில் பங்குண்டு. பீடித்தட்டின் அருகே பிள்ளையை அமர்த்தி, நாள்தோறும் சிறிது நேரம் உரக்க வாசிக்கச் சொல்லி, "அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கலாம். எத்தியோப்பிய அமைச்சர் தேரில் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது பிலிப்பு அவரிடம் கேட்டதும் அதுதானே? பங்குகளோ ஒப்புவித்தல் போட்டியோடு வாசித்தல் போட்டியையும் சேர்த்துக்கொள்ளலாம். மனப்பாடத்தை நாம் இகழவில்லை. வாய்பாடும் செபமும் நெஞ்சில் நிற்க வேண்டியவையே. அவற்றோடு நின்றுவிடக் கூடாது என்பதே நம் வேண்டுகோள்.

அந்தச் சிறுவனுக்கு நாம் செய்தது சிறிய கைம்மாறுதான். மாலைதோறும் கோவில் தாழ்வாரத்தில் ஒரு தட்டில் மணலைப் பரப்பி வைத்தோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அவனுக்குச் சட்டாம்பிள்ளையானாள். நாளடைவில் வேறு சில பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர். தவக்காலம் தொடங்கும்போது எழுத்துக் கூட்டத் தொடங்கியவன், உயிர்ப்புப் பெருவிழா கழிந்த ஒரு மாலையில் செபப் புத்தகத்தை எடுத்துவந்து, தான் பரிசு பெற்ற அதே நம்பிக்கை அறிக்கையை விரல் வைத்து மெல்ல வாசித்தான். அன்று மேடையில் ஒரே மூச்சில் சொன்னதை வாசித்து முடிக்க இப்போது நெடுநேரம் ஆயிற்று. பாதியில் ஒரு சொல்லில் விரலை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தான்.

"பாதாளம்னா என்ன சாமி?"

எத்தனையோ முறை அவன் ஒப்புவித்த சொல்தான் அது. அவன் அதைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.